ஜே.கே. பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ஆர் பாக்கிறது? (ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா)

ஷிப்ட்_அம்மா:

வணக்கம். மகளுக்கு வாற செப்டெம்பர் ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன், நாலு வயசு வகுப்பு) தொடங்குது. நான் ஒரு முதியோர் இல்லத்தில பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு வேலை), காலமை 7 மணியில இருந்து பின்னேரம் 3 மணி வரை. இவருக்கு மார்க்கம் பக்கம் ஃபாக்டரியில பின்னேர ஷிப்ட். 2 மணிக்கே வெளிக்கிட்டிடுவார், திரும்பி வர நடுச்சாமம். பள்ளிக்கூடம் 8.45க்குத் தொடங்கி 3.15க்கு விடும். காலமை இவர் கொண்டுபோய் விடுவார், அதில பிரச்சினை இல்லை. பின்னேரம்தான் வில்லங்கம். நான் பஸ் பிடிச்சு வந்து சேர 4 மணி ஆகும், ஸ்நோ கொட்டினா இன்னும் பிந்தும்.

பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு டேகெயார் இருக்கு. பக்கத்துத் தெருவில ஒரு அக்கா வீட்டில வைச்சுப் பிள்ளையளைப் பாக்கிறா, தானே வந்து கூட்டிக்கொண்டு போவாவாம். என்ர அம்மாவும் சூப்பர் விசாவில (பெற்றோர் நீண்ட நாள் தங்கிற விசா) வந்து எங்களோடதான் இருக்கிறா, ஆனா முழங்கால் வருத்தம். கிழமையில ரெண்டு நாள் அம்மா, மற்ற நாள் டேகெயார் எண்டு பிரிச்சா காசு மிச்சம் எண்டு இவர் சொல்றார். ஒரு மணித்தியாலத்துக்காக மாசம் மாசம் காசு கட்ட எனக்கும் மனம் வருகுதில்லை. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

மல்லிகை:

தங்கச்சி, நான் ஈ.சி.ஈ. (சின்னப் பிள்ளையளைப் பராமரிக்கிறதுக்கான படிப்பு) முடிச்சு, உங்கட மாதிரியே ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிற டேகெயாரில பின்னேரப் பகுதியில வேலை செய்யிறன். 3.15க்கு ஜே.கே. வகுப்பு வாசலில போய் நிண்டு பிள்ளையளை எடுக்கிறது நான்தான். அதால இதை நேரில பாக்கிற ஆளாச் சொல்றன்: தயவுசெய்து நாளைப் பிரிக்காதேங்கோ.

நாலு வயசுப் பிள்ளைக்குச் செவ்வாய், புதன் எண்டு கிழமை தெரியாது. “இண்டைக்கு ஆர் வாறது?” எண்ட ஒரு கேள்விதான் தெரியும். ஜனவரியில ஒரு நாள் 3.15க்கு அந்த வகுப்புக்குள்ள எட்டிப் பாத்தா உங்களுக்கே விளங்கும். இருபத்தைஞ்சு பிள்ளையள் அளவில ஒரே நேரத்தில ஸ்நோ பான்ட்ஸ் போடுதுகள், ஒண்டின்ர பூட்ஸை மற்றது போட்டுக்கொண்டு நிக்கும். ரீச்சர் ஒருபக்கம் ஆர் பஸ், ஆர் அம்மா அப்பா, ஆர் டேகெயார் எண்டு பேரைப் பாத்துப் பாத்து விடுறா. நாளுக்கு நாள் ஒழுங்கு மாறுற பிள்ளை ரெண்டு வரிசைக்கும் நடுவில நிண்டு முழிக்கும். டேகெயாருக்குள்ள வந்து அழுகிற பிள்ளையள் குறைவு, அழுகை எல்லாம் அந்த வாசலிலதான். அஞ்சு நாளும் ஒரே ஆள் வந்து எடுத்தா, பெரும்பாலான பிள்ளையள் ஒக்டோபருக்குள்ள பழகியிடும். உங்களுக்குத்தான் அது ஒரு மணித்தியாலம். பிள்ளைக்கு நாளிலேயே ஆகக் களைச்சிருக்கிற நேரம் அது.

அதோட, அம்மான்ர முழங்காலையும் யோசியுங்கோ. ஐஸில நடக்கவேணும், குனிஞ்சு பூட்ஸ் மாட்டவேணும், அடம் பிடிச்சா தூக்கவும் வேணும். அவவைத் தினம் போற ஆளாக்காமல், அவசரத்துக்கு வைச்சிருங்கோ. டேகெயார் ஃபோர்மில பிள்ளையை எடுக்க அனுமதி உள்ளவையின்ர பேரில அம்மான்ர பேரையும் எழுதுங்கோ. முதல் தரம் வரேக்க படம் உள்ள அடையாள அட்டை கொண்டுவரச் சொல்லுங்கோ, அது இல்லாமல் நாங்கள் பிள்ளையை விடமாட்டம். உங்கட பஸ் பிந்தினா அம்மாவுக்கு ஒரு ஃபோனோட விஷயம் முடியும். இல்லாட்டில், நாங்கள் பூட்டுற நேரத்துக்குப் பிறகு நிமிசக் கணக்கில காசு அறவிடுற இடங்கள்தான் கூட.

இப்பவே செய்யவேண்டியது பேர் பதியிறது. ஜே.கே.க்குப் பதிஞ்சா டேகெயாருக்கும் பதிஞ்ச மாதிரி எண்டு கனபேர் நினைக்கினம். ரெண்டும் வேற வேற. சில பள்ளிக்கூடங்களில போர்ட்டே (பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கிற சபை) நடத்தும், சிலதில வேற நிறுவனம் நடத்தும். உங்கட பள்ளிக்கூட ஒஃபிஸில கேட்டால் எது எண்டு சொல்லுவினம். பின்னேரம் மட்டும் எடுக்கலாமோ எண்டும் கேளுங்கோ, காலமைக்கும் சேத்துக் கட்டவேண்டி வராமல் இருக்கலாம். வெயிட்டிங் லிஸ்டில பேர் போட ஒன்ராறியோவில லைசென்ஸ் உள்ள இடம் ஒண்டும் காசு கேக்கேலாது. 2016 செப்டெம்பரில இருந்து அது சட்டம். அதால ரெண்டு மூண்டு இடத்தில போட்டு வையுங்கோ.

காசைப் பற்றிச் சொன்னா, ஆறு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு, அரசாங்கத் திட்டத்தில சேந்த லைசென்ஸ் இடங்களில 2025 ஜனவரியில இருந்து ஒரு நாளைக்குக் கூடினது 22 டொலர்தான். பின்னேரம் மட்டும் எண்டா அதிலும் குறைவா வரும். அதுக்கு மேல சிற்றியின்ர சப்சிடி (கட்டணத்துக்கு உதவிக் காசு) இருக்கு, ரெண்டு பேரின்ர வருமானத்தையும் பாத்துக் குடுப்பினம். அதுக்கும் வரிசை இருக்கிறபடியால் இடம் கிடைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, இண்டைக்கே போடுங்கோ.

இன்னொண்டும் கேளுங்கோ: பி.ஏ. நாளில (ரீச்சர்மாருக்கு வேலை, பிள்ளையளுக்கு லீவு) திறப்பினமோ? வருசத்துக்கு 7 நாள் வரை வரும். மார்ச் பிரேக், நத்தார் லீவு, ஜூலை, ஓகஸ்ட்? அந்த நாளுகளிலதான் அம்மான்ர உதவி பெறுமதி. ஐஸில நடக்கத் தேவையில்லை, பிள்ளையோட வீட்டுக்குள்ள இருந்தாப் போதும்.

மிசிசாகா_அப்பா:

மல்லிகை அக்கா சொன்னதோட வரி விஷயம் ஒண்ணு சேத்துக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் ஐ.டி., பையன் இப்ப எஸ்.கே. (ஜே.கே.க்கு அடுத்த வகுப்பு). டேகேர் ரசீது எல்லாத்தையும் எடுத்து வைங்க. 7 வயசுக்குக் குறைஞ்ச குழந்தைக்கு வருஷம் 8,000 டாலர் வரைக்கும் செலவை வருமானத்துலேர்ந்து கழிக்கலாம், பொதுவா ரெண்டு பேர்ல வருமானம் குறைஞ்சவங்கதான் காட்டணும். வீட்ல வச்சுப் பாக்கிறவங்களா இருந்தா ரசீதுல அவங்க சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) வேணும். குடுக்கத் தயங்கினா முதல்லயே தெரிஞ்சுக்கிறது நல்லது.

இன்னொண்ணு: ஆறு வயசு ஆனதும் அந்த 22 டாலர் சலுகை போயிடும். ஜனவரியிலிருந்து ஜூனுக்குள்ள பிறந்தநாள் வந்தா அந்த ஜூன் 30 வரைக்கும் விடுவாங்க. கிரேட் 1க்கு இப்பவே கொஞ்சம் ஒதுக்கி வைங்க.

விடியற்காலை:

நான் காலமை 6 மணிக்கு வேலையில நிக்கவேணும். அந்த நேரத்துக்குத் திறந்த டேகெயார் எங்கட பக்கம் ஒண்டும் இல்லை. எனக்குக் கைகுடுத்தது ஒரு வீட்டுக்கார அக்காதான். என்ர பிள்ளைக்கு அவ ரெண்டாவது அம்மம்மா. அதால அப்பிடிப்பட்ட ஆக்களை ஒதுக்கிவிடாதேங்கோ, விசாரிச்சுப் போட்டு விடுங்கோ. லைசென்ஸ் இல்லாதவை 13 வயசுக்குக் குறைஞ்ச அஞ்சு பிள்ளையளுக்கு மேல பாக்கக்கூடாது, லைசென்ஸ் இல்லை எண்டதை எழுத்தில தரவும் வேணும். நான் கேட்ட உடன ரெண்டையும் சிரிச்சுக்கொண்டு காட்டினவ. காரில ஏத்துவாவோ எண்டும் கேளுங்கோ. ஜே.கே. பிள்ளைக்குச் சீட் கட்டாயம்: 18 கிலோ வரை முன்னுக்குப் பாத்த கார் சீட், அதுக்கு மேல பூஸ்டர். அவவுக்குக் காய்ச்சல் எண்டா ஆர் எடுப்பினம் எண்டதும் முக்கியம்.

மல்லிகை:

விடியற்காலை சொன்னது முழுக்கச் சரி. ஏஜென்சி மூலம் லைசென்ஸோட வீட்டில பாக்கிறவையும் இருக்கினம், அந்த ஏஜென்சி திட்டத்தில சேந்திருந்தா 22 டொலர் சலுகை அங்கயும் கிடைக்கும். நான் சொன்ன “ஒரே ஆள்” அந்த அக்காவா இருந்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

ஷிப்ட்_அம்மா:

எல்லாருக்கும் கோடி நன்றி. நேற்று ஃபோன் பண்ணினன். பின்னேரம் மட்டும் எடுக்கலாமாம், ஆனா இப்ப இடம் இல்லை, லிஸ்டில போட்டிருக்கினம். சப்சிடிக்கும் போட்டாச்சு. நாளைப் பிரிக்கிற கதையை இவரும் விட்டிட்டார். செப்டெம்பருக்குள்ள இடம் வராட்டி?

மல்லிகை:

எத்தினையாவது ஆள் எண்டு கேட்டு வையுங்கோ, மாசத்துக்கு ஒருக்கா ஃபோன் பண்ணிப் பாருங்கோ. அதைக் கரைச்சல் எண்டு நாங்கள் நினைக்கிறேல்லை. ஆகஸ்ட் கடைசியிலயும் செப்டெம்பர் முதல் கிழமைகளிலயும் வீடு மாறிப் போறவையால இடம் வாறதை நான் ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். அதுக்கிடையில பக்கத்துத் தெரு அக்காவைப் போய்ப் பாருங்கோ, மகளையும் கூட்டிக்கொண்டு. அவவிட்டத் தொடங்கினா, நடுவில டேகெயாரில இடம் வந்தாலும் உடன தூக்கி மாத்தாமல் நத்தார் லீவு முடியுமட்டும் இடத்தைப் பிடிச்சு வைக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ. பிறகு மிற்றன்ஸ், தொப்பி, உள்ளுக்குப் போடுற சப்பாத்து எல்லாத்திலயும் பேர் எழுதுங்கோ. 4 மணிக்குப் பிள்ளையைக் கண்ட உடன “என்ன படிச்சனீ?” எண்டு கேக்காதேங்கோ, பசியோட நிக்கும். ஒரு வாழைப்பழத்தைக் குடுத்துப் போட்டுக் கதையுங்கோ.