வாசல் பொக்ஸ்வூட்: எங்கள் குடும்பக் குழுவில்

அக்கா (நுவரெலியா): [படம்] [படம்]
வாசல் பாதையோரத்துப் பொக்ஸ்வூட் வேலிச்செடி வரிசையைப் பாருங்கள். மேட்டுப் பக்கம் பச்சையாக நிற்கிறது. தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் இருக்கிற நாலும் செம்பு நிறமாகிவிட்டன. உரமும் போட்டாயிற்று.

தம்பி (கண்டி): பனி அடித்திருக்குமோ?

அக்கா: ஆவணியிலா பனி? இங்கே மழைதான் விடாமல் கொட்டுகிறது.

தம்பி: அப்போ பிளைட் என்கிற பூஞ்சண நோயாக இருக்கும். இங்கிலாந்தில் 1990களில் வந்தது, 2011இல் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். யூடியூபில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அத்தை (பண்டாரவளை): மருமகன் யூடியூப் பார்த்தால் செடிக்கு என்ன, நமக்கே எல்லா நோயும் வரும் 😄

பெரியப்பா (ஹட்டன்): மகள், பிளைட் என்றால் இலையில் வட்டப் புள்ளி விழும், இளந்தண்டில் கறுப்புக் கோடு ஓடும், இலை பொலபொலவென்று கொட்டிவிடும். உன் படத்தில் இலை ஒட்டிக்கொண்டே நிறம் மாறியிருக்கிறது. எனக்கு வேர் மேல்தான் சந்தேகம். அடியில் மண்ணை விலக்கி, தண்டை நகத்தால் கீறிப் பார்.

அக்கா: [படம்] கீறினேன். மண்ணை ஒட்டிப் பழுப்பு, ஒரு சாண் மேலே பச்சை. தண்டு மூன்று விரல் ஆழத்துக்குப் புதைந்திருக்கிறது.

பெரியப்பா: அதேதான். ஆழமாக நட்டுவிட்டார்கள், தண்ணீரும் தேங்குகிறது. இதன் வேர் மேலாகத்தான் ஓடும், ஈரம் நின்றால் அழுகும். செத்ததைப் பிடுங்கி எடு, அதே குழியில் புதுக் கன்று வைக்காதே. மற்றதுக்குத் தண்டைச் சுற்றி இருக்கிற மண்ணை இழுத்துவிடு, வேர் தொடங்குகிற இடம் வெளியே தெரியட்டும். கானையும் ஆழமாக்கு. அப்புறம், மண் கிளறுகிற முள்ளுப் போட்டுக் குத்தாதே, வேர் அறுந்துவிடும். மானாப்புல்லை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினால் போதும், தண்டில் மட்டும் படக் கூடாது.

அக்கா: பழைய தேயிலை மலையில் எடுத்த மண்ணைத்தான் நிரப்பினார்கள். நல்ல மண் என்று சொன்னார்களே?

பெரியப்பா: தேயிலைக்கு நல்ல மண்தான். தேயிலை புளிப்பு மண் கேட்கும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. பொக்ஸ்வூட்டுக்கு 6.5க்கு மேலே, 7ஐ ஒட்டி வேண்டும். மண்ணைப் பரிசோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கிற டொலமைட் தூள் போடு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுக்க முடியாமல் ஒரேயடியாக அள்ளிக் கொட்டாதே. யூரியா இப்போதைக்கு வேண்டாம்.

அத்தை: அண்ணே, கவ்வாத்து வெட்டிவிட்டால் தேயிலை மாதிரித் துளிர்த்துவிடாதா?

பெரியப்பா: வேர் நல்லாயிருந்தால் துளிர்க்கும் தங்கச்சி, பழைய உருவத்துக்கு வர வருஷக்கணக்காகும். குட்டை இங்கிலீஷ் ரகம் ஆண்டுக்கு ஒரு அங்குலம் வளர்ந்தாலே பெரிது. வேர் கெட்ட செடியில் கத்தி வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் தேயிலையை மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே வீச்சில் வெட்டிய ஆட்கள், அந்தக் கை இதுக்கு ஆகாது. உள்ளே கையை விட்டு அங்கங்கே ஒரு குச்சியை ஒடித்து எடுக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் கத்தரித்துக்கொண்டே இருந்தால் இலை கூரை மாதிரி மூடிவிடும். உள்ளே வெளிச்சமும் போகாது, காற்றும் போகாது. தம்பி சொன்ன பூஞ்சணத்துக்கு அந்த ஈரம்தான் வேண்டும்.

தம்பி: பார்த்தீர்களா அத்தை 😎

அக்கா: எந்த மாதம் வெட்டுவது? சித்திரை சீசனுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள்.

பெரியப்பா: மார்ச்சில் வெட்டு, இலை காய்ந்திருக்கிற நாளாகப் பார்த்து. மார்கழியில் வெட்டினால் புதுத் துளிர் தைப் பனியில் கருகிவிடும். முற்றிய இலை பனியைத் தாங்கும்.

தம்பி: அக்கா, வெயில் நேரத்தில் வருகிற பூனை மூத்திர வாடையும் அந்தச் செடிதான். சில ரகம் அப்படி.

அக்கா: ஐயோ, பக்கத்து வீட்டுப் பூனையை அல்லவா திட்டிக்கொண்டிருக்கிறேன் 🙈

அத்தை: வெட்டுகிற மிலாறுக் குச்சிகளை மாட்டுப்பட்டிப் பக்கம் போட்டுவிடாதே மகள். ஆடு மாடு தின்றால் விஷம்.

அக்கா: கீழ் லயத்துப் பிள்ளை நேற்றுத்தான் ஆட்டுக்குக் கேட்டது! இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

தம்பி: சனிக்கிழமை நான் வருகிறேன். டொலமைட் எத்தனை கிலோ வாங்கட்டும்?

பெரியப்பா: மண்ணைப் பார்க்காமல் கிலோக் கணக்கு எப்படிச் சொல்வது? நீ மண்வெட்டியோடு வா, முதலில் கான் வெட்ட வேண்டும்.

தம்பி: சனிக்கிழமை வேலை இருக்கும் போலத் தெரிகிறது பெரியப்பா 😅