தகப்பன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார், பள்ளிக்கூட ஃபைன் என் பெயருக்கு வந்திருக்கிறது

கோடைமழை

வணக்கம். பிள்ளை அனுமதியில்லாமல் பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குப் போடுகிற இங்கிலாந்துப் பள்ளிக்கூட ஃபைன் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நானும் பிள்ளைகளின் தகப்பனும் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. விவாகரத்து இன்னும் முடியவில்லை, கோர்ட் ஆர்டர் என்று எதுவும் எடுக்கவில்லை. பிள்ளைகள் என்னோடுதான் இருக்கிறார்கள், ஒன்றுவிட்ட சனி ஞாயிறு அவரிடம் போவார்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மே மாத ஹாஃப் டேர்மில் (தவணை நடுவில் வருகிற ஒரு வார விடுமுறை) தன் தங்கையின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போகக் கேட்டார். அப்பம்மாவும் பிள்ளைகளைப் பார்த்து எவ்வளவு காலம் என்று நானும் சரி சொல்லி, ஏர்போர்ட்டில் கேட்டால் காட்டுவதற்குச் சம்மதக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு வந்து இறங்க வேண்டியவர்கள். சனி இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "டிக்கெட்டை அடுத்த ஞாயிறுக்கு மாத்திட்டன், பிள்ளைகள் இங்க சந்தோஷமா இருக்கினம்." நான் என்னத்தைக் கத்தி என்ன? திங்கள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னேன். இப்போது எங்கள் ஊர் கவுன்சிலில் இருந்து இரண்டு கடிதம், ஒரு பிள்ளைக்கு 80 பவுண்ஸ், இரண்டுமே என் பெயரில். அவருக்கு ஒன்றும் வரவில்லையாம். கேட்டால் "காசை நான் தாறன், பெரிசாக்காத" என்கிறார். கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதா, அல்லது கேட்பதில் ஏதாவது பிரயோசனம் இருக்கிறதா?

குமரன்77

கட்டிடுங்க அக்கா. 21 நாள் தாண்டினால் 80 என்பது 160 ஆகிவிடும், 28 நாளும் தாண்டினால் கோர்ட் வரைக்கும் போகலாம். முன்னே 60, 120 என்று இருந்ததை 2024 ஆகஸ்டில் ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால் இந்த ஃபைனையும் சேர்த்தே கணக்குப் போடுவோம், லீவு விட்டதும் டிக்கெட் விலை ஏறுகிற ஏற்றத்துக்கு நாலு பேர் போனால் ஃபைன் கட்டுவதே லாபம். அவரே பணம் தருகிறேன் என்கிறார், வாங்கிக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். இதற்கு அப்பீலும் கிடையாது.

ரெஜிஸ்டர்மணி

தம்பி குமரன், உங்கள் கணக்கு வேறு, இவருடைய நிலைமை வேறு. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிற ஆள், இந்தக் கடிதங்கள் எப்படிப் புறப்படுகின்றன என்று தினமும் பார்க்கிறேன்.

கோடைமழை, பணத்தை அவர் தந்தாலும் கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும். ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்காக முதல் அபராதம் வந்து மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது வந்தால், தள்ளுபடி எதுவும் இல்லாமல் நேராக 160. மூன்றாவது முறை அபராதக் கடிதமே வராது, பெரும்பாலும் வழக்குத்தான். வழக்கில் 1,000 பவுண்டு வரை போகலாம், தெரிந்தே அனுப்பாமல் இருந்தீர்கள் என்று நிரூபித்தால் 2,500 வரை, சட்டப் புத்தகத்தில் மூன்று மாதச் சிறையும் இருக்கிறது. அவர் இதே மாதிரி இன்னொரு தடவை டிக்கெட்டை மாற்றினால் இரண்டாவதும் உங்கள் பெயரில் விழும். இப்போது கட்டுவதால் குற்றப் பதிவு எதுவும் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எண்ணிக்கை தொடங்கிவிடும்.

இது எப்படி நடந்திருக்கும் என்றால், பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாத பத்து செஷன் சேர்ந்தால் அபராதத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளுக்கு காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று இரண்டு செஷன், ஆகவே உங்களுக்கு ஐந்து நாளிலேயே வரம்பைத் தொட்டுவிட்டது. (தொடர்ச்சியாக ஐந்து நாள் என்றில்லை. பதிவேடு மூடிய பிறகு காரணமில்லாமல் தாமதமாக வருவதும் இதில் சேரும், பல பேருக்கு இது தெரிவதில்லை.) பள்ளி அந்த விவரத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பும்போது ஃபைலில் எந்தப் பெற்றோரின் பெயரும் முகவரியும் இருக்கிறதோ அதுதான் போகும். தகப்பனுடைய இப்போதைய முகவரி பள்ளியில் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு மட்டும் ஏன் வந்தது என்பதற்கு விடை அதுவாகத்தான் இருக்கும்.

அப்பீல் இல்லை என்பது உண்மை. ஆனால் தவறான ஆளுக்கு அனுப்பியிருந்தால் கவுன்சில் அதைத் திரும்பப் பெறலாம். அன்றாடம் பிள்ளையின் வருகைக்குப் பொறுப்பானவருக்கோ, லீவு போட அனுமதித்த பெற்றோருக்கோதான் வழக்கமாக அனுப்ப வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் முதலாவது நீங்கள், இரண்டாவது அவர். அதனால் தானாக விடமாட்டார்கள், நீங்கள் கேட்க வேண்டும். ஒரு கேள்வி: நீங்கள் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தில் திரும்பி வருகிற தேதி இருந்ததா?

வாரக்கடைசி_அப்பா

மறுபக்கத்தில் இருக்கிற ஆள் என்பதால் சொல்கிறேன். என் பையனை அவன் அம்மா ஜனவரியில் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனது, அவர்கள் மெரினாவில் நிற்கிற போட்டோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கடிதம் எனக்கும் வந்தது! போன் பண்ணிக் கேட்டால் "நீங்களும் பெற்றோர்தானே" என்றார்கள். சட்டப்படி அது சரிதான். 1996 கல்விச் சட்டத்தில் பெற்றோர் என்றால் பெற்ற இருவரும் வருவார்கள், கல்யாணம் ஆனதா, ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கில் இல்லை, பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்கிற புதுத் துணைகூட அதில் வரலாம். எனக்குத் தெரியாது என்று சொல்வதும் சாதாரண வழக்கில் எடுபடாது.

இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் ஜான் பிளாட் என்று ஒருவர் மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போய்விட்டு, அவள் மற்ற நாளெல்லாம் ஒழுங்காகத்தானே போகிறாள் என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 2017இல் தோற்றார். ஒழுங்காக என்றால் பள்ளி விதிப்படி என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆகையால் "என் பிள்ளைகளின் வருகை 97 சதவீதம்" என்றெல்லாம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். நான் எழுதியது அரைப் பக்கம். யார் கூட்டிக்கொண்டு போனது, எனக்கு எப்போது தெரிந்தது, நான் என்ன செய்தேன், இந்த மூன்றும்தான். கூடவே அந்த வாட்ஸ்அப் படம். என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய குடும்பச் சண்டையை அதில் கொட்டினால் படிக்கிறவருக்கு எந்தப் பக்கம் நியாயம் என்றே தெரியாது.

இன்னொன்று, நீங்கள் எழுதினால் அடுத்த கடிதம் அவர் வீட்டுக்குப் போகும். அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள். என் வீட்டில் அதற்கப்புறம் ஆறு மாதம் பேச்சே இல்லை, பிள்ளையை விடும் நேரத்தைக்கூட மெசேஜில்தான் சொல்லிக்கொண்டோம்.

குமரன்77

மூன்று வருடக் கணக்கு எனக்கே தெரியாது மணி அண்ணா, போன வருடம் ஒன்று கட்டியிருக்கிறேன், இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்காட்லாந்தில் இந்த ஃபைனே இல்லையாம், அங்கே குடிபோக வேண்டியதுதான்.

கோடைமழை

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தைத் தேடிப் பார்த்தேன், கொடுக்குமுன் போனில் படம் எடுத்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஜூன் 1ஆம் தேதி திரும்புவார்கள் என்று ஃபிளைட் நம்பரோடு எழுதி இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவருடைய பழைய முகவரிதான் இருக்கிறது, நான் மாற்றிக் கொடுக்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

ஆனால் அண்ணா சொன்ன ஆறு மாதப் பேச்சில்லாக் கதைதான் யோசிக்க வைக்கிறது. மகள் தகப்பனோடு நல்ல ஒட்டு. நான்தான் அப்பாவை மாட்டிவிட்டேன் என்று யாராவது அவள் காதில் போட்டால்? அதோடு, அடுத்த முறை இப்படி நடக்காமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ரெஜிஸ்டர்மணி

தேதி போட்ட கடிதம் இருப்பது பெரிய பலம். நீங்கள் அனுமதித்தது விடுமுறை வாரத்துக்கு மட்டும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். திங்கள் காலை போன் பண்ணியதைப் பள்ளியில் குறித்து வைத்திருப்பார்கள், அந்தக் குறிப்பின் நகலையும் கேளுங்கள்.

கவுன்சிலுக்கு எழுதுமுன் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனது நான்தான் என்று அவரே இரண்டு வரி மெயில் அனுப்பினால் வேலை சுலபம், காட்டிக்கொடுத்த பேச்சும் வராது. காசு தர ஒத்துக்கொண்டவர் அந்த இரண்டு வரி எழுதமாட்டாரா? மாட்டேன் என்றால், உங்கள் பெயரில் எண்ணிக்கை ஏறுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த முறைக்கு: கோர்ட் ஆர்டர் இல்லாதவரை, பெற்றோர் பொறுப்புள்ள இருவரில் யார் பிள்ளையை வெளிநாடு கூட்டிப் போனாலும் மற்றவரின் சம்மதம் வேண்டும். பிள்ளைகள் உங்களோடு வாழ்கிறார்கள் என்று ஆர்டர் எடுத்தால், நீங்கள் 28 நாள் வரை அவரைக் கேட்காமலே கூட்டிப் போகலாம், அவருக்கு உங்கள் சம்மதம் எழுத்தில் தேவைப்படும். விவாகரத்து நடக்கும்போதே, பயணமெல்லாம் பள்ளி விடுமுறைக்குள் மட்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். பள்ளிக்கு அவருடைய புது முகவரியும் மெயிலும் போகட்டும், வருகை பற்றிய கடிதம் எல்லாமே இருவருக்கும் வரும்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்பதால் 21 நாள் நின்றுவிடாது. பதில் வரும்வரை நிறுத்தி வைப்பார்களா என்று அதே மெயிலில் கேளுங்கள், இன்று இரவே அனுப்பிவிடுங்கள்.