வைஃபுக்கு கிளமிடியா பாசிடிவ், எனக்கு ஒரு அறிகுறியும் இல்ல, இதை எப்படி எடுத்துக்கறது?

தூக்கமில்லாதவன்:
இதுக்குனே புது ஐடி போட்டு எழுதறேன், படிச்சா ஏன்னு புரியும். கல்யாணம் ஆகி 11 மாசம். வைஃபுக்கு ரெண்டு மாசமா அடிவயித்துல ஒரு மாதிரி வலி, நாங்க சேர்ந்து இருந்தா மறுநாள் லேசா ரத்தம் படும், சரி பீரியட்ஸ் கோளாறா இருக்கும்னு விட்டுட்டோம். போன வாரம் டாக்டர்கிட்ட போனப்ப ஸ்வாப் எடுத்தாங்க, கிளமிடியா பாசிடிவ்னு வந்துருச்சு. இது உடலுறவுல பரவுறதுனு டாக்டரம்மா சொன்னதும் அவ அங்கயே அழ ஆரம்பிச்சுட்டா. நான் ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்தும் பேசல, மூணு நாளா ஹால்லதான் படுக்கறேன்.

எனக்கு எரிச்சல் இல்ல, சீழ் இல்ல, புண் இல்ல. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி எடுத்த ஃபுல் பாடி செக்கப்ல எச்.ஐ.வி. நெகடிவ், வி.டி.ஆர்.எல். நெகடிவ், யூரின் கல்ச்சர் நார்மல், அந்த ரிப்போர்ட்டை நேத்து ராத்திரி எடுத்து நாலு தடவ படிச்சேன். அப்ப எனக்கு இல்லாதது அவளுக்கு எங்கிருந்து வந்துச்சு? அவளுக்கு டாக்ஸிசைக்ளின் 14 மாத்திரை குடுத்திருக்காங்க, சேஃப்டிக்கு அதுல பாதிய நான் போட்டுக்கலாமா?

பி.கு.: கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கு ஒரு ரிலேஷன்ஷிப் இருந்துச்சு, ஆனா அவங்களுக்கும் எந்த தொந்தரவும் இருந்ததில்ல, அதனால அது இதுக்கு சம்பந்தமில்லனு நினைக்கறேன்.

லேப்_வாசல்:
ப்ரோ, பி.கு.ல ஒளிச்சு வச்சீங்களே, அதுதான் முதல் வரியா வந்திருக்கணும்.

நான் லேப்ல வேலை பாக்கறவன், டாக்டர் இல்ல, அதனால டெஸ்ட் பத்தி மட்டும் சொல்றேன். உங்க ரிப்போர்ட்ல கிளமிடியாவுக்குனு ஒரு டெஸ்ட்டும் இல்ல. வி.டி.ஆர்.எல். பாக்கறது சிபிலிஸ்ங்கற வேற ஒரு பால்வினை நோயை. யூரின் கல்ச்சர்னா தட்டுல சத்து போட்டு கிருமி முளைக்குதானு பாக்கறது, கிளமிடியா அந்த தட்டுல முளைக்கவே முளைக்காது, அது நம்ம செல்லுக்கு உள்ள குடியிருந்துதான் பெருகும். அதனால கல்ச்சர் நார்மல்னு வந்ததை வச்சு உங்களுக்கு இல்லனு சொல்லவே முடியாது. இதை கண்டுபிடிக்கறது என்.ஏ.ஏ.டி.னு ஒரு டெஸ்ட், கிருமியோட மரபணுவ பெருக்கி பாக்கும், கேட்டு வாங்கினாதான் எடுப்பாங்க, பேக்கேஜ்ல பெரும்பாலும் வராது.

ஆம்பளைங்களுக்கு யூரினே போதும். ஆனா கடைசியா போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும், அப்புறம் முதல்ல வர்ற கொஞ்சத்தைதான் பிடிக்கணும். இதுலதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க, பழக்கதோஷத்துல முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத டப்பா நிறைய பிடிச்சுட்டு வந்து நிப்பாங்க. யூரின் பாதைல ஒட்டியிருக்கறத கழுவிட்டு வர்றதே அந்த முதல் 20, 30 மில்லிதான், அத கீழ விட்டுட்டா என்ன பிரயோஜனம்.

இன்னொண்ணு, கிளமிடியா வந்த நிறைய ஆம்பளைங்களுக்கும் அதைவிட நிறைய பொம்பளைங்களுக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது. மாசக் கணக்கா சத்தமில்லாம கிடக்கும், சில பேருக்கு வருஷம் தாண்டியும். உங்க எக்ஸுக்கு தொந்தரவு இல்லங்கறதுக்கும் அவங்களுக்கு கிருமி இல்லங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

வெட்டிப்பேச்சு:
இவ்ளோ டென்ஷன் எதுக்கு, பப்ளிக் டாய்லெட் சீட்ல ஒட்டியிருக்கும், அப்படியே சொல்லி முடிச்சுக்கோங்க

லேப்_வாசல்:
நல்ல எண்ணத்துல சொல்றீங்கனு புரியுது, ஆனா டாய்லெட் சீட், துண்டு, நீச்சல்குளம் வழியா இது வராது. பொய்ய சொல்லி சமாதானம் ஆனா இவரு டெஸ்ட்டும் எடுக்க மாட்டாரு, மருந்தும் சாப்பிட மாட்டாரு.

மழைக்கால_மைனா:
தம்பி, நான் உங்க வைஃப் இருந்த இடத்துல இருந்தவ. எனக்கு பாசிடிவ் வந்தப்ப என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி "யாரு"னுதான். தனக்கு ஒண்ணும் இல்லன்னு டெஸ்ட்டும் எடுக்கல, மாத்திரையும் போடல. நான் ஏழு நாள் ஒழுங்கா சாப்பிட்டு முடிச்சேன். மூணு மாசம் கழிச்சு ரீடெஸ்ட்ல மறுபடியும் பாசிடிவ். டாக்டரம்மா பேப்பர்ல ரெண்டு வட்டம் போட்டு நடுவுல போக வர ஒரு அம்புக்குறி போட்டு, ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா இன்னொருத்தர்கிட்ட இருந்து திரும்ப வந்துரும்னு சொல்லி அவர்கிட்ட குடுத்து அனுப்புனாங்க, அப்புறம்தான் அவரு போய் எடுத்தாரு. பாசிடிவ். அவருக்கு பழைய கதை இருந்துச்சு, அதுவும் கல்யாணத்துக்கு முந்தினதுதான். அந்த ரெண்டாவது ரவுண்ட் எனக்கு தேவையே இல்லாதது, அந்த ரீடெஸ்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே வலி எனக்கு தெரிஞ்சுது.

பாசிடிவ்னு ஒரு வார்த்தை வருதே தவிர அதுல தேதியும் இருக்காது, பேரும் இருக்காது. அதை வச்சு யாரு குடுத்தாங்கனு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. இன்னிக்கு ஹால்ல படுக்காதீங்க.

அரைக்கை_சட்டை:
மாத்திரைய பங்கு போடற ஐடியாவுக்கு பெரிய கும்பிடு. ஒரு நாளைக்கு ரெண்டு வீதம் 7 நாள் சாப்பிட்டாதான் அது மருந்து. பாதி பாதி எடுத்தா ரெண்டு பேருக்கும் போகாது. உங்களுக்கு தனியா எழுதி வாங்குங்க, ஒருத்தருக்கு உறுதியானா பார்ட்னருக்கு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிக்கறது வழக்கம்தான், சாம்பிள் குடுத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க. தண்ணி நிறைய குடிச்சு முழுங்கணும், போட்டதும் படுக்கக்கூடாது, நான் ஒரு தடவ வேற எதுக்கோ இதே மாத்திரைய வாய்ல போட்டு ஒரு மடக்கு தண்ணியோட படுத்து தொண்டைக்கு கீழ நெருப்பு வச்ச மாதிரி ரெண்டு நாள் அவஸ்தைப்பட்டேன். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இதோட சேர்த்து போடாதீங்க. வைஃப் கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா டாக்டர்கிட்ட உடனே சொல்லணும், அப்ப மருந்தே வேற.

ரெண்டு பேருமே கோர்ஸ் முடிக்கற வரைக்கும் உறவு வேண்டாம், காண்டம் போட்டும் வேண்டாம். முடிச்ச கையோட ரீடெஸ்ட்டுக்கு ஓடாதீங்க, செத்த கிருமியோட மிச்சம் நாலு வாரம் வரைக்கும் பொய்யா பாசிடிவ் காட்டும். மூணு மாசத்துல எடுங்க. வைஃபுக்கு வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காதீங்க, கிருமி மேல ஏறி கருக்குழாய்க்கு போனா அதுக்கு மருந்தும் வேற, நாளும் ஜாஸ்தி. கவனிக்காம விட்டா குழாய்ல தழும்பு விழுந்து பின்னாடி குழந்தை தங்கறதுல சிக்கல் வரலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது, சீக்கிரம் பிடிச்சா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.

அப்படியே ரெண்டு பேரும் கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி.யும் பாத்துருங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடறாங்கன்னா அது கர்ப்பத்த மட்டும்தான் தடுக்கும், கிருமிக்கு காண்டம்தான். எச்.பி.வி., ஹெர்பிஸ் மாதிரி தோல்ல தொட்டு வர்றதுக்கு காண்டமும் பாதி வேலைதான் செய்யும், எச்.பி.வி.க்கு தடுப்பூசி இருக்கு, அத டாக்டர்கிட்ட கேளுங்க.

தூக்கமில்லாதவன்:
டெஸ்ட் எடுத்தேன். டப்பாவ கையில வச்சுட்டு லேப்_வாசல் சொன்னத நினைச்சு முதல்லயே பிடிச்சேன். பாசிடிவ். ரிப்போர்ட்ட அவ கையில குடுத்துட்டு பழைய கதைய மொத்தமும் சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்தா, அப்புறம் "இத அன்னிக்கு அந்த ரூம்லயே சொல்லியிருக்கலாம்ல"னு கேட்டா. பதில் இல்ல எங்கிட்ட. இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு அலாரம் வச்சு மாத்திரை போடறோம், சாப்பாட்டு டேபிள்ல ரெண்டு அட்டை பக்கத்துல பக்கத்துல கிடக்கு.

எக்ஸுக்கு சொல்லணும்னு டாக்டர் சொல்றாங்க. மூணு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டேன்.

மழைக்கால_மைனா:
விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "எனக்கு கிளமிடியா பாசிடிவ் வந்திருக்கு, மருந்து சாப்பிடறேன். உனக்கும் அறிகுறி இல்லாம இருக்கலாம், ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ, மாத்திரைல சரியாயிடும்." இவ்ளோதான் தம்பி. அவங்களுக்கு இப்ப யாராவது இருப்பாங்க, அவங்களுக்கும் சேர்த்துதான் இது.

தூக்கமில்லாதவன்:
அப்படியே அனுப்பிட்டேன்கா, வைஃப்கிட்ட காட்டிட்டுதான் அனுப்புனேன். ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.