கிளட்சுக்குப் ‘பிடிமுறுக்கு’, தண்டுக்குத் ‘தாங்குமுறுக்கு’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கியர்பாக்ஸின் எல்லையைக் குறிக்கத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஓர் உறுப்பினர் இப்படி எழுதியிருந்தார்:

> டீசல் பிக்கப் வண்டியில் எஞ்சின் திறனைக் கூட்டினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எதுவரை தாக்குப்பிடிக்கும் என்பதைக் குறிக்கத் ‘தாங்குதிறன்’ போதும். எளிய சொல், ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்.

எளிமையில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் அந்தச் சொல்லின் இரு பாதிகளும் இந்த இடத்தில் பொருளைத் திசைதிருப்புகின்றன என்பதால், அதை ஏற்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ‘திறன்’. நம் பாடநூல்களில் அது வாட் அலகில் அளக்கப்படும் அளவு. குதிரைத்திறன் என்று சொல்வதும் அதனால்தான். கியர்பாக்ஸுக்குள் தட்டுகளை அழுத்திப் பிடித்துச் சுழற்சியைக் கடத்தும் கிளட்சைத் தோற்கடிப்பதோ திறன் அன்று, முறுக்கு (டார்க்), அதாவது தண்டைத் திருப்பும் வலிமையின் அளவு. எஞ்சினில் 100 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 74.6 கிலோவாட், கூட்டுகிறோம் என்று கொள்வோம். அந்தக் கூடுதல் 3000 ஆர்.பி.எம்.மில் கிடைத்தால் முறுக்கு 237 நியூட்டன் மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. அதே கூடுதலை எரிபொருளை அள்ளிக்கொடுத்து 1800 ஆர்.பி.எம்.மிலேயே வரவழைத்தால் 396 நியூட்டன் மீட்டர் ஏறுகிறது. திறன் ஒன்றே, கிளட்சின் மேல் விழும் சுமையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவேதான் ‘எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம்’ என்ற கேள்விக்கு, அது எந்தச் சுழற்சி வேகத்தில் என்று சொல்லாதவரை, நேரான விடை கிடையாது. குறைந்த வேகத்தில் எரிபொருளை மட்டுப்படுத்தி, உயர்ந்த வேகத்தில் விட்டுக்கொடுக்கும் டியூனிங் (எஞ்சின் கட்டுப்பாட்டைத் திருத்தியமைப்பது) கியர்பாக்ஸுக்கு நீண்ட ஆயுள் தருவதன் காரணமும் இதுவே.

தயாரிப்பாளர்களும் இந்தக் கணக்கைப் பார்த்தவர்களே. அமெரிக்காவில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் விற்ற டாட்ஜ் ராம் பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் இரு தரங்களில் வந்தது. 245 குதிரைத்திறனும் 505 பவுண்டு-அடி முறுக்கும் கொண்ட உயர்தரம் ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸுடன் மட்டுமே கிடைத்தது; ஆட்டோமேட்டிக் கேட்டவருக்கு 235 குதிரைத்திறனும் 460 பவுண்டு-அடியும்தான். திறனில் 4 விழுக்காடு குறைவு, முறுக்கில் 9 விழுக்காடு குறைவு. எது மட்டுப்படுத்தப்பட்டது என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

அடுத்தது ‘தாங்கு’. தாங்குவது என்றால் சுமையின் கீழ் முறியாமல் நிற்பது. அளவுக்கு மீறி முடுக்கப்பட்டுச் செயலிழந்த ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து பாருங்கள்: பெரும்பாலும் பற்சக்கரங்களில் ஒரு பல்கூட உடைந்திருக்காது, தண்டு நேராகவே இருக்கும். ஆனால் கிளட்ச் அடுக்கில் எஃகுத் தட்டுகள் நீலமும் கருப்புமாகத் திட்டுத்திட்டாய் வெந்திருக்கும். உராய்வுத் தட்டுகளின் பூச்சு கரிந்து உதிர்ந்திருக்கும். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை வீசும். அங்கே எதுவும் முறியவில்லை, பிடி தளர்ந்து நழுவியிருக்கிறது. ஆயிரம் நியூட்டன் மீட்டர் கடத்திக்கொண்டிருக்கும் கிளட்ச் 200 ஆர்.பி.எம். நழுவினால் ஏறத்தாழ 21 கிலோவாட் வெப்பம் அந்த மெல்லிய தட்டுகளுக்கிடையே பிறக்கிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும் வண்டியில் அது சில நொடிகள் நீடித்தாலே போதும், பூச்சு பாழாகிவிடும்.

எனவே கிளட்ச் நழுவாமல் கடத்தக்கூடிய உச்ச அளவுக்குப் ‘பிடிமுறுக்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். உராய்வுக் கெழு, எண்ணெய் அழுத்தம் தட்டுகளை அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராய்வுப் பரப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கின் பெருக்கமே அது. எண்ணெய் அழுத்தத்தை உயர்த்துவதும், அடுக்கில் தட்டுகளைக் கூட்டுவதும், டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் உறுப்பு) இரு பக்கங்களையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்சை ஒரு தட்டிலிருந்து பல தட்டுகளாக்குவதும் ஏன் பலிக்கின்றன என்பதை இந்த வரையறை தானே விளக்கிவிடும். பம்ப் தேய்ந்து எண்ணெய் அழுத்தம் இறங்கினால், எஞ்சினில் கைவைக்காத வண்டியிலும் பிடிமுறுக்கு இறங்கும். தாங்குதிறன் என்ற சொல்லோ பொருளோடு பிறந்த நிலையான ஒரு குணத்தைத்தான் நினைவூட்டும்.

இதனால் ‘தாங்கு’ என்ற வேர் வீணாகிவிடவில்லை. கிளட்சின் பிடியை வெகுவாக உயர்த்தியதும் நலிந்த இடம் வேறெங்கோ நகர்கிறது. முன்பு நழுவித் தப்பித்த மிகை முறுக்கு இப்போது முழுதாக உள்ளீட்டுத் தண்டின் மேல் இறங்கி அதை முறுக்கி முறித்துவிடக்கூடும். தண்டுக்கும் பற்சக்கரத்துக்கும் உரிய அந்த எல்லையைத் ‘தாங்குமுறுக்கு’ என்போம். பிடிமுறுக்கை மட்டும் உயர்த்தித் தாங்குமுறுக்கை மறந்தவர்கள், மெல்ல வரும் சேதத்தை நொடியில் வரும் சேதமாக மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த எச்சரிக்கையை எழுதவே இயலாது. என் வற்புறுத்தலுக்கு இதுவே தலையாய காரணம்.

> ‘பிடிவலு’ என்றால் இன்னும் சுருக்கமாக இருக்குமே?

இலங்கைப் பாடநூல்களில் ‘வலு’ என்பதே திறனைக் குறிக்கும் சொல். விட்ட சிக்கல் அங்கே மறுபடி முளைக்கும். ‘பிடிமுறுக்குவிசை’ என நீட்டவும் தேவையில்லை. முறுக்கு என்பது விசை அன்று, விசையும் தொலைவும் சேர்ந்த அளவு.

கிளட்ச் பிடி விடுவதற்கு ‘நழுவல்’ பொருந்தும். ‘சறுக்கல்’ ஈரச் சாலையில் டயருக்கு ஆகிவந்த சொல்லாகையால் அதை அங்கேயே விட்டுவைக்கலாம்.

இன்னும் முடிவாகாதது ஒன்றுண்டு. ஆலிசன் 1000 போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் உள்ளே வரும் சுழற்சியையும் வெளியேறும் சுழற்சியையும் கணினி ஒப்பிடுகிறது. கியர் விகிதத்துக்குப் பொருந்தாத வேறுபாடு தெரிந்தால் நழுவல் என்று முடிவுசெய்து, கியர் மாற்றத்தை முடக்கி, வண்டியை ஒடுங்கிய நிலையில் ஓடவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘லிம்ப் மோட்’ எனப்படும் இதற்கு வந்துள்ள ‘நொண்டி நிலை’ என்ற சொல் ஓட்டுநர் உணர்வதைச் சொல்கிறது, ஆனால் பழுதைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. நடப்பதோ கிளட்சைக் காப்பாற்றும் நடவடிக்கை. ‘காப்பு ஓட்டம்’ எனக்கு நிறைவாக இருக்கிறது. பணிமனையில் நாள்தோறும் இதைக் கையாளும் உறுப்பினர்கள், வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்து, புரிகிறதா என்று எழுதினால் அதன்படி முடிவு செய்வோம்.

அன்புடன்.