ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் மூட்டுக்கு உத்தரவு போகுமா?

மேலப்பாளையத்தான்:
கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடப்பவருக்கு ஆட்டுக்கால் சூப்பு கொடுக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. இப்போது அதையே கொலாஜன் பவுடர் என்று டப்பாவில் விற்கிறார்கள். ‘செல்லின் ஏற்பிகளில் ஒட்டி அதைத் தூண்டும்’ என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் சூப்பு குடித்தாலும் மூட்டுக்கு உத்தரவு போகும்தானே?

பாளை லேப்காரன்:
ஏற்பி என்பது செல்லின் மேல் இருந்துகொண்டு, வெளியே வரும் உத்தரவை உள்ளே அனுப்பும் புரதம். கொலாஜன் அதில் ஒட்டுவது உண்மைதான் வே. சூப்பில் இருப்பது ஒட்டுமா என்பதில்தான் இடிக்கிறது. மூன்று புரதச் சங்கிலிகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டதுதான் கொலாஜன். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த அமைப்பு இது. செல் அந்த முறுக்கைத்தான் தேடுகிறது. ஆல்ஃபா-2 பீட்டா-1 என்ற இன்டெக்ரின் ஏற்பி, முறுக்கில் வரும் ஆறு அமினோ அமிலத் துண்டு ஒன்றைப் பிடிக்கிறது. துண்டிலுள்ள குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்துக்கும் ஏற்பிக்கும் நடுவே ஒரு மெக்னீசியம் அயனி இருந்து இரண்டையும் இணைக்கிறது. அதே ஆறும் அதே வரிசையில் இருந்தாலும், முறுக்கு அவிழ்ந்துவிட்டால் இந்த ஏற்பி கண்டுகொள்ளாது. குக்கரில் வெந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். நீர் குடிப்பது அதைத்தான்.

மேலப்பாளையத்தான்:
ஆறின சூப்பு தளதளவென்று கட்டிப்படுகிறதே ஓய்? மறுபடி முறுக்கிக்கொள்ளாமலா அப்படி ஆகிறது?

பாளை லேப்காரன்:
ஆங்காங்கே கொஞ்சம் முறுக்கிக்கொள்வதால்தான் கட்டிப்படுகிறது, சரி. உடம்புச் சூட்டில் அதுவும் இளகிவிடும். அப்புறம் பெப்சின், டிரிப்சின் என்ற செரிமான நொதிகள் துண்டு துண்டாக வெட்டிவிடும்.

அம்பை டீச்சர்:
தம்பி, பாதிக் கதையோடு நிறுத்துகிறீர்கள். முறுக்கு அவிழும்போது உள்ளே மறைந்திருந்த ஆர்ஜினின்-கிளைசின்-ஆஸ்பார்டேட் என்ற மூன்று அமினோ அமிலத் துண்டு வெளியே தெரியும். ஆல்ஃபா-வி பீட்டா-3 போன்ற வேறு இன்டெக்ரின்கள் அதைப் பிடிக்கும். அதனால் ஜெலட்டின் ஊமை இல்லை. புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்த இரட்டைத் துண்டு, செரிமானத்தில் தப்பி ரத்தத்தில் வருவதையும் அளந்திருக்கிறார்கள்.

பாளை லேப்காரன்:
அவிழ்ந்த கொலாஜன் காயத்திலேயே கிடக்கும்போது அந்த இன்டெக்ரின்கள் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். குடலில் வெட்டுப்பட்டு வந்த துண்டுக்கு அதே வேலையைக் கொடுக்க முடியாது. நாம் இதுவரை பேசாத ஏற்பி ஒன்று இருக்கிறது: டிடிஆர். 1997-இல்தான் அதற்குக் கொலாஜன் ஒட்டுவது தெரியவந்தது. இன்சுலின் ஏற்பி சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். டிடிஆர் முழுதாகத் தூண்டப்பட மணிக்கணக்காகும், நெடுநேரம் அணையாமலும் இருக்கும். அதுவும் முறுக்கு இருந்தால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. முறுக்குக் குலையாத கொலாஜன் இழை ரத்தத்தில் மிதந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டணுக்களில் ஜிபி-6 என்ற ஏற்பி இருக்கிறது. ரத்தக்குழாய் கிழிந்தால்தான் கொலாஜன் அதன் கண்ணில் படவேண்டும். பட்டதும் சிக் என்ற நொதி விழிக்கும், செல்லுக்குள் கால்சியம் ஏறும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சூப்பு குடித்தவனுக்கு முழுக் கொலாஜன் ரத்தத்தில் ஏறினால் மூட்டுவலியை யார் பார்ப்பார்? முதலில் ரத்தம் உறையும்.

மேலப்பாளையத்தான்:
அடப்பாவி, சூப்பையே விஷமாக்கிவிட்டீரே!

பாளை லேப்காரன்:
விஷம் என்று எங்கே சொன்னேன்? அப்படி ஏறாது, அதனால் தைரியமாகக் குடிக்கலாம் என்கிறேன். வீட்டில் வைத்தால் நானும் குடிப்பேன். டப்பாக்காரனின் ஏற்பிக் கதைக்குத்தான் காசு கொடுக்கமாட்டேன்.

அம்பை டீச்சர்:
உங்கள் ஜிபி-6 வாதம் முழுக் கொலாஜனுக்குத்தான் பொருந்தும் தம்பி. அந்த இரட்டைத் துண்டு, வளர்ப்புத் தட்டில் கொலாஜனை உண்டாக்கும் செல்களான தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைப் பெருகத் தூண்டியது. டிடிஆர் இல்லாமலே வேறு வழியில் நடக்கலாம் அல்லவா? அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

பாளை லேப்காரன்:
தட்டில் நடப்பது முழங்காலில் நடக்கவேண்டும் என்று இல்லை டீச்சர். நடந்தாலும் அது கொலாஜன் ஏற்பி வழி ஆகாது. டப்பாவில் எழுதியிருப்பது அந்த வழியைத்தான்.

மேலப்பாளையத்தான்:
நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். சூப்பில் எலுமிச்சை பிழியலாமா, அதைச் சொல்லுங்கள்.

அம்பை டீச்சர்:
தாராளமாக. நம் உடம்பு தன் கொலாஜனைத் தானே முறுக்க ஹைட்ராக்ஸிபுரோலின் வேண்டும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்தபின் பிழியுங்கள்.