புதுப்பிப்பு: மோசல் ரீஸ்லிங் வாங்கியாச்சு

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினில் எது இனிப்பு, எது இனிப்பில்லாதது என்று கடையிலேயே தெரிந்துகொள்வது எப்படி என முன்பு கேட்டிருந்தேன். லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். நன்றி, அதுவே போதுமானதாக இருந்தது.

திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. நொதிப்பதைப் பாதியில் நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் குறையும். ஆக, 8 சதவீதம் என்றால் இனிப்பு. 12 என்று போட்டு, கூடவே ‘ட்ரோக்கன்’ (ஜெர்மனில் இனிப்பில்லாதது) என்றும் இருந்தால் இனிப்பு இருக்காது.

இரண்டு வகையும் வாங்கினேன். பெர்ன்காஸ்டல் ஊர்ப்பக்கம் விளைந்த கபினெட் (இலேசான வகை ரீஸ்லிங்), 8 சதவீதம், மனத்தை அள்ளிவிட்டது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் வாசனை. நாக்கில் முதலில் இனிப்பு, அது தங்குவதற்குள் புளிப்பு வந்து துடைத்துவிடுகிறது. காரமான தாய்லாந்து பச்சைக் குழம்போடு அவ்வளவு பொருத்தம்! ட்ரோக்கனும் நல்ல ஒயின்தான், ஆனால் காரத்தோடு ஒத்துப்போகவில்லை, மீனுக்குச் சரி.

அப்புறம், இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்துதான் நல்ல மோசல் ஒயின்களைப் பல வருடம் கெடாமல் காக்கின்றன. அடுத்து ஒரு ஷ்பேட்லேஸ (தாமதமாக அறுவடை செய்த திராட்சையில் செய்யும் ஒயின்) வாங்கி எடுத்துவைக்கப் போகிறேன்.