100-இல் 1 கூடக் கட்டிக்குப் போகாததற்கு 'ஸ்மார்ட்' பட்டமா?

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "ஸ்மார்ட் நானோ துகள் புற்றுக்கட்டிக்குள் மட்டும்தான் போகும், வேறு உறுப்பைத் தொடாது." மருந்தைச் சுமந்துபோகும் நுண்துகளைப் பற்றிய பேச்சு அது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அதற்கு முந்தைய 10 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்குப் போட்டார்கள். ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7%. கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் விழுங்கு செல்கள்தான் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. 0.7%!

செந்தூல்காரன்: எழுதினது நான்தான் அண்ணே. உங்க 0.7% எலிக் கணக்கு. கபோசி சார்க்கோமாங்கிற புற்று வந்த நோயாளிகளோட கட்டியில 72 மணி நேரம் கழிச்சு அளந்தாங்க. சாதா டாக்ஸோரூபிசின் புற்று மருந்தைவிட, அதையே லைபோசோம்ங்கிற கொழுப்புக் குமிழுக்குள்ள அடைச்ச வகை 5 முதல் 11 மடங்கு மருந்து சேர்த்திருந்துச்சு. மனுசன் கணக்கு அது.

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: மடங்கு வேறு, பங்கு வேறு தம்பி. "மட்டும்தான் போகும்" என்றது யார்? அப்படியானால் நீங்கள் சொன்ன லைபோசோம் வகையான டாக்ஸில் ஏற்றியவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிவது ஏன்? பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்வையால் அது நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுகிறது, கைகால் தோலிலும் கசிகிறது. இதயத்துக்குக் கேடு குறைந்ததுதான் 1995-இல் அனுமதி பெற்ற அந்த மருந்தின் பெருமை. குறி பார்த்து அடிப்பது அல்ல.

பாயான்லெப்பாஸ் வாணி: முதல்ல ஸ்மார்ட்னா எதுன்னு முடிவு பண்ணுங்க லா. டாக்ஸில்ல புற்றுச் செல்லைத் தேடி ஒட்டுற குறிதேடும் மூலக்கூறே கிடையாது.

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: பெயர் எதுவாயினும் கணக்கு மாறாது அம்மா. அதே தொகுப்பில் குறிதேடும் மூலக்கூறு ஒட்டியது 0.9%, ஒட்டாதது 0.6%. ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் படிந்து அந்த மூலக்கூறை மூடிவிடலாம். ஒட்டினாலும் அது துகளைக் கட்டிவரை இழுத்துப் போகாது, போன பிறகு செல்லுக்குள் நுழையத்தான் உதவும்.

செந்தூல்காரன்: படமெடுக்கிறதுல? இரும்பு ஆக்சைடு துகள் போட்டா எம்ஆர்ஐயில புற்று கறுப்பாத் தெரியுதே!

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: தலைகீழ். நல்ல நிணநீர்க்கணுவில் உள்ள விழுங்கு செல்கள் இரும்பை வாங்கிக் கறுக்கும், புற்று பரவிய கணு வெளுப்பாகவே நிற்கும். பழைய ரத்தக்கசிவும் கறுப்பாகத்தான் தெரியும், அதில் ஏமாந்தால் அறிக்கையே தப்பு.

செந்தூல்காரன்: சரி, டாக்ஸில் பக்கவிளைவைச் சமாளிக்க வழி இருக்கு, சலைன்ல கலந்து மெதுவா ஏத்தினாப் போதும்.

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: சலைனா? யாரும் இதைப் படித்துவிட்டுச் செய்துவிடாதீர்கள்! டாக்ஸிலைக் கலக்க 5% டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசல் மட்டும். 90 மி.கி. வரை 250 மி.லி.யில், அதற்கு மேல் 500 மி.லி.யில். குழாயில் வடிகட்டி பூட்டக் கூடாது. நிமிடத்துக்கு 1 மி.கி. என்று தொடங்கி, மூச்சுத்திணறலோ முகம் சிவப்பதோ இல்லையென்றால்தான் வேகம் கூட்டணும். மெதுவாக ஏற்றினால் தவிர்க்கப் பார்ப்பது ஏற்றும்போது வரும் ஒவ்வாமையை. கைகால் உரிவது அதில் நிற்காது.

பாயான்லெப்பாஸ் வாணி: அண்ணே, சலைன் விஷயம் சரி. ஆனா அந்த 5 மடங்குக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

ஜார்ஜ்டவுன் மருந்தாளர்: 0.7%-க்கு அவர் பதில் சொன்னாரா?

செந்தூல்காரன்: சொல்லிட்டேன். எலி.